சிலைகளைக் காணும் மாணவர் வரலாற்றைக் காண்கின்றனரா?

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள காந்திப் பூங்காவுக்குக் கல்விச் சுற்றுலாவாக வரும் மாணவர்களைச் சற்றுத் தள்ளி நின்று அவதானித்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். பஸ் வண்டி நிற்கும். பிள்ளைகள் இறங்கி வருவர். காந்தியடிகளின் சிலைக்கு முன்னால் வரிசையாக நிற்பர். ஆசிரியர் ஒருவர் புகைப்படம் எடுப்பார். பின்னர் ஐஸ்கிறீம் வண்டியைத் தேடி அனைவரும் கலைந்து விடுவர். பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து நாற்பது, அறுபது கிலோமீற்றர் கடந்து வந்த பிள்ளைகள் அங்கு கண்டது சிலையை, கற்றது எதுவுமில்லை.

இதில் பிள்ளைகளைக் குறை கூற நாம் முன்வரவில்லை. எமது பாடசாலைக் காலத்திலும் இதுவே நடந்தது. அதே வாவிக்கரையில் நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையை நாம் பல தடவை கடந்து சென்றிருக்கிறோம். அவர் 1814ஆம் ஆண்டு இலங்கை வந்த முதலாவது மெதடிஸ்த மிஷனரிமார்களுள் ஒருவர் என்பதையும், மட்டக்களப்பில் ஒரு பாடசாலையைத் தொடக்கிவிட்டு ஓராண்டேனும் நிறையுமுன் 1815இல் இங்கேயே உயிர் துறந்தார் என்பதையும், அந்தப் பாடசாலைதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் என்பதையும் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தோம். அதுவரை எமக்கு அவர் 'வெள்ளைக்காரச் சாமியார்' மட்டுமே.

க.பொ.த. சாதாரண தரத்தில் வரலாறு பல ஆண்டுகளாகக் கட்டாய பாடமாக இருந்து வருகின்றது. ஆயினும், அம்பாறைக் கரையோரத்துப் பிள்ளை அந்தப் பாடநூலில் தன் ஊரைத் தேடினால் மிகச் சில வரிகளையே காணும். அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படிக்கத்தான் வேண்டும். அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் தான் தினமும் நடக்கும் தெருவுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை உணராத பிள்ளைக்கு வரலாறு என்பது பரீட்சைக்கு முதல்நாள் மனனம் செய்யும் மன்னர் பட்டியலாகவே இருந்துவிடும். ஆகவேதான் பொது இடங்களிலுள்ள சிலைகளையும் நினைவுச் சின்னங்களையும் பாடமாக்குவது பற்றி இங்கு சிறிது விரிவாக எழுத விரும்புகிறோம்.

சிலை தானாக எதையும் கற்பிப்பதில்லை. கேள்வி கேட்டால் மட்டுமே அது வாய் திறக்கும். யாருடைய சிலை என்பது முதற் கேள்வி; ஆனால் அது மிகச் சாதாரணமான கேள்வி. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், ஏன் அந்த ஆண்டில் வைத்தார்கள், எந்த மொழியில் எழுதினார்கள், பக்கத்தில் நிற்கத் தகுதியிருந்தும் நிறுத்தப்படாதவர் யார் என்பனவே வரலாற்றுக்குள் இட்டுச் செல்லும் கேள்விகள்.

திருவள்ளுவரை எடுத்துக்கொள்வோம். நீண்ட தாடியும் முடிந்த கொண்டையும் கையில் ஏடுமாக நாம் அனைவரும் அறிந்த அந்தத் தோற்றம், வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் கற்பனையில் வரைந்தது. 1960களில் தமிழக அரசு அதனை ஏற்றுக்கொண்டது. வள்ளுவரின் உண்மை முகத்தை எவரும் கண்டதில்லை. இதைப் பத்தாம் வகுப்பு மாணவரிடம் சொல்லிப் பாருங்கள், வகுப்பறை விழித்துக்கொள்ளும். அப்படியானால் நாம் காணும் சங்கிலியன், எல்லாளன், பண்டாரவன்னியன் முகங்கள் யாருடையவை என்று அடுத்த கேள்வி தானாகவே எழும். சான்றுக்கும் கற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக விளக்க வேறு வழியில்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி கன்னியாகுமரிக் கடற்பாறையில் திறந்துவைக்கப்பட்ட வள்ளுவர் சிலை பீடத்துடன் சேர்த்து 133 அடி உயரமானது. குறளின் அதிகாரங்கள் 133. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. சிலை 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து 95. கணக்குப் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒரு சிலையில் சந்திக்கின்றன.

சென்னை மெரீனாக் கடற்கரையின் சிலை வரிசையும் அவ்வாறானதே. 1968ஆம் ஆண்டு ஜனவரியில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கு பத்துச் சிலைகள் திறக்கப்பட்டன. வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ. சிதம்பரம்பிள்ளை ஆகியோருடன் போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என மேனாட்டார் மூவரும் இடம்பெற்றனர். பத்தாவதாகக் கண்ணகி. முதல் ஆண்டில் ஆட்சிக்கு வந்திருந்த திராவிட முன்னேற்றக் கழகம் தமிழைப் பற்றிச் சொல்ல விரும்பிய கருத்து அந்தத் தெரிவில் அடங்கியிருந்தது. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டதும், ஆட்சி மாறிய பின் 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டதும் அதே கதையின் தொடர்ச்சி. காரைதீவுப் பிள்ளைக்குக் கண்ணகி கோயிலில் குடிகொண்ட அம்மன்; சென்னைப் பிள்ளைக்கு அவள் கடற்கரையில் சிலம்பேந்தி நீதி கேட்பவள். ஒரே பெயர் இரு கரைகளில் இருவேறு பொருள் தருவதை எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகக் கூறிவிட முடியாது.

இனி அந்த வரிசையில் இல்லாதவர் யார் என்று கேட்போம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் இல்லை. கிறிஸ்தவ அறிஞர் மூவருக்கு இடமிருந்த வரிசையில் ஒரு முஸ்லிம் தமிழ்ப் புலவருக்கு இடமில்லாமற் போனது புறக்கணிப்பா, அல்லது முஸ்லிம் ஒருவருக்குச் சிலை வைத்தல் அச்சமூகத்தின் உணர்வுக்குப் பொருந்தாது என்ற மரியாதையா என்று நாம் தீர்ப்பளிக்கப் போவதில்லை. ஆனால் பின்னாளில் தமிழக அரசு உமறுப் புலவருக்குச் சிலை வைக்காமல், அவர் அடக்கம் பெற்ற எட்டயபுரத்தில் மணிமண்டபம் அமைத்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எமது கரைக்கு வரும்போது இது உதவும்.

சிலைகளைப் பாடமாக்குவோம் என்று சொல்வது எளிது. இம்மாகாணத்தில் அது அத்தனை எளிதான காரியமல்ல. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மட்டக்களப்பு நகரில் ஒரே இரவில் நான்கு சிலைகள் சேதமாக்கப்பட்டன. காந்தியடிகள், சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல், சுவாமி விபுலாநந்தர், புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகளே அவை. ஒரு நாட்டின் விடுதலைத் தலைவர், ஓர் ஆங்கிலேயப் படைத்தளபதி, ஒரு துறவி, மண்டூரில் பிறந்த ஒரு புலவர். இந்நால்வரையும் ஒருசேரப் பகைக்கக்கூடிய கொள்கை எது என்று எண்ணிப் பார்த்தால் எதுவும் தோன்றாது. சிலையை உடைப்பவன் பெரும்பாலும் சிலைக்குரியவரை அறிந்து உடைப்பதில்லை. அதனைப் போற்றுபவரை நோகச் செய்யவே உடைக்கிறான்.

சிலை வைப்பதும் சில வேளைகளில் அத்தகையதே. 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் இறக்காமம் மாணிக்கமடுவிலுள்ள மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டபோது அப்பகுதித் தமிழ், முஸ்லிம் மக்கள் கொண்ட அச்சம் புத்த பெருமான் மீதானதல்ல. அடுத்துத் தங்கள் காணிக்கு என்ன நேரும் என்பது பற்றியது. அம்பாறை மாவட்டத்தில் ஒரு சிலை எழும்போது 'இது யாருடைய இடம்' என்ற வினாவும் கூடவே எழுகின்றது. இதனை மறைத்துவிட்டு மாணவருக்கு நினைவுச் சின்னங்களைக் கற்பிக்க இயலாது.

இது எமக்கு மட்டுமே உரிய நோயுமல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1895ஆம் ஆண்டு எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவருக்குச் சிலை வைத்தனர். நகருக்கு வாரி வழங்கிய வள்ளல் என்பது பீடத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தச் செல்வம் ஆபிரிக்க அடிமை வாணிபத்தோடு தொடர்புடையது என்பது எழுதப்படவில்லை. அதையும் எழுதவேண்டும் என்று பல ஆண்டுகளாக நடந்த விவாதம் முடிவு காணாத நிலையில், 2020 ஜூன் 7ஆம் திகதி ஆர்ப்பாட்டக்காரர்கள் அதனைக் கவிழ்த்துத் துறைமுக நீரில் தள்ளினர். பின்னர் மீட்டெடுக்கப்பட்ட அச்சிலை நூதனசாலையில் நிறுத்தப்படாமல், பூச்சுக்கறைகளுடன் படுத்த நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. நின்றபோது நூறாண்டுகளுக்கு மேல் கற்பிக்காத பாடத்தை அது படுத்தபின் கற்பிக்கிறது. பீடத்தில் நாலு வரியை நேர்மையாக எழுத மறுத்ததன் விலை அது.

எமது கரையோரத்தின் தனித்தன்மைக்கு வருவோம். பெரியநீலாவணையிலிருந்து தெற்கே செல்லும் பிரதான வீதியில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் ஒரு வேலியோ ஒரு ஒழுங்கையோதான் எல்லை. ஒரு சமூகம் தன் பெரியாரை உருவச் சிலையாக வடித்து மாலையிட்டு நினைவுகூர்கிறது. மற்றச் சமூகம் உயிருள்ளவற்றின் உருவை வடித்து வைப்பதை மார்க்கம் அனுமதிப்பதில்லை என்ற உறுதியில், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வீதிக்கும் மண்டபத்துக்கும் பெயர் சூட்டி நினைவுகூர்கிறது. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பதல்ல. ஆனால் இதன் விளைவாக, தெருவில் நடக்கும் பிள்ளையின் கண்ணுக்குத் தமிழரின் வரலாறு உருவமாகவும் முஸ்லிம்களின் வரலாறு வெறும் பெயர்ப்பலகையாகவும் தோற்றமளிக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

உருவச் சிலை பற்றி முஸ்லிம் உலகில் ஒரே நடைமுறை நிலவுவதாகவும் கொள்ளலாகாது. 1882இல் பிரித்தானியரை எதிர்த்து எகிப்தில் கிளர்ந்த அறபி பாஷா, 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டு 1901 வரை இத்தீவில் வாழ்ந்தவர். சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோருடன் சேர்ந்து, 1892இல் தொடங்கிப் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலைக்குத் துணை நின்றவர். அவர் பிறந்த மண்ணுக்கு அண்மித்த ஸகாஸீக் நகரில் அவருக்குச் சிலை உண்டு. கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. ஒரே மனிதரை இரு நாடுகள் இரு வகையில் நினைக்கின்றன. அவரது கிளர்ச்சியை ஆதரித்து நாடுகடத்தப்பட்டுப் பின்னர் எகிப்தின் தலைமை முஃப்தியான முஹம்மத் அப்துஹு, வழிபாட்டுக்கு இடமில்லாதவிடத்து ஓவியமும் சிற்பமும் அறிவைப் பாதுகாக்கும் சாதனங்களாகலாம் என்று எழுதினார். உலமாக்களில் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. பத்வா வழங்குவது பத்திரிகை ஆசிரியர்களின் தொழிலல்ல என்பதால் இவ்விரண்டையும் அறியத்தருவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எனினும் எமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015இல் திறக்கப்பட்ட காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையில் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பண்டைய வாழ்க்கை ஆளுயர உருவங்களாகக் காட்சிப்படுத்தப்பட்டது. பாட்டன் காலத்து உடையையும் தொழிலையும் வீட்டுச் சடங்கையும் பேரப்பிள்ளை நேரில் காண்பதுபோல் காணட்டும் என்பதே நோக்கம். உருவங்கள் வைக்கப்பட்டதற்கு உலமாக்களிடமிருந்து ஆட்சேபம் எழுந்தது. நூதனசாலையின் நோக்கத்தை எவரும் குறை கூறியதில்லை. வழியைத்தான் குறை கூறினர். உருவமின்றி அதே கதையை அதே உயிர்ப்புடன் சொல்ல முடியுமா என்பதே அங்கு விடைகாணாது நின்ற வினா. முடியும் என்பதே எமது எண்ணம். அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

அம்பாறை வீதி பிரிந்து செல்லும் காரைதீவுச் சந்தியில் சுவாமி விபுலாநந்தரின் சிலை நிற்கிறது. 1892 மார்ச் 27ஆம் திகதி அவ்வூரில் மயில்வாகனமாகப் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் பயின்று, இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகி, துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்ட சில வாரங்களில் மறைந்தவர். விஞ்ஞானம் படித்தவர் என்பதனால்தான் மறைந்துபோன யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு மீட்க அவரால் முடிந்தது. இந்த ஒரு செய்தியையேனும் சிலையின் பக்கத்தில் எழுதி வைத்தால், கலைப் பிரிவா விஞ்ஞானப் பிரிவா என்று திண்டாடும் உயர்தர மாணவன் சற்று நின்று வாசிப்பான்.

அதே சந்தியிலிருந்து வடக்கே சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள கல்முனைக்கு 1942ஆம் ஆண்டு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம். அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதை மாணவர் அறிய வேண்டும். பர்மாவை யப்பானியர் கைப்பற்றியதால் அரிசி வரத்து நின்றுபோனது. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. நாடு பட்டினியை எதிர்நோக்கியபோது கிழக்கின் வயல்களே நம்பிக்கையாக இருந்தன. நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்கென்றே கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டு, முப்பது வயதே நிரம்பிய அஸீஸின் பொறுப்பில் விடப்பட்டது. காடு வெட்டிக் களனியாக்கும் பணியில் தமிழரும் முஸ்லிம்களும் அவரிடமே வந்தனர். கல்முனையில் இருந்த காலத்தில்தான் விபுலாநந்த அடிகளுடன் அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. இப்பகுதி முஸ்லிம் பிள்ளைகளின் வறுமையையும் கல்விப் பின்னடைவையும் அவர் கண்ணாரக் கண்டதும் அப்போதுதான். 1945இல் அவர் தொடக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி எத்தனையோ ஏழை மாணவரைப் பல்கலைக்கழக வாசலுக்கு அனுப்பியது. பின்னர் சிவில் சேவையைத் துறந்து, 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராயிருந்தார். மறைவுக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டமளித்து அவரைத் தன் மண்ணின் மைந்தராக ஏற்றுக்கொண்டது.

காவியுடுத்த துறவியும் கோட்டணிந்த சிவில் அதிகாரியும், போர்க்கால நெருக்கடியில், ஒரே கரையில், கல்வியைப் பற்றி ஒரே கவலையோடு வாழ்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சந்தியில் சிலை உண்டு. மற்றவருக்குச் சிலை இல்லை; இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கல்முனையில் ஒரு பொதுப் பூங்காவின் ஓரத்தில் ஒரு நெல் அளக்கும் மரைக்கால் கல்லில் வடிக்கப்பட்டு, அதன் கீழ் '1942' என்று பொறிக்கப்பட்டு, அக்கச்சேரியின் கதை பத்து வரிகளில் எழுதப்பட்டிருந்தால் எந்த மார்க்க அறிஞர் ஆட்சேபிக்கப் போகிறார்? அதன் எதிரே கல்லில் ஒரு யாழ் இருக்கட்டும். யாழும் மரைக்காலும் உயிருருவங்களல்ல. இரண்டையும் ஒருசேரக் காணும் பிள்ளை இவை ஏன் அருகருகே உள்ளன என்று நிச்சயம் கேட்கும்.

இவ்வாறு சொல்லத்தக்கவை இக்கரையில் மலிந்து கிடக்கின்றன. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களை 1626இல் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தாய்வழியே குடி பார்க்கும் வழமை இங்கு தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடி பார்த்தே தெரிவு செய்யப்பட்டனர். மருதமுனையின் கைத்தறியை அறியாதார் இல்லை. பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணனின் இலக்கிய வட்டத்தில் வளர்ந்தே கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான் ஈழத்தின் முன்னணிக் கவிஞராகவும் விமர்சகராகவும் திகழ்ந்தார். தறியும் குடிமரமும் கவிதை ஏடும் உருவச்சிலை வேண்டாத சின்னங்கள்.

ஆனால் இனிப்பானவற்றை மட்டும் கல்லில் எழுதினால் அது பிரிஸ்டலின் பீடம் போலாகிவிடும். 1985 ஏப்ரலில் காரைதீவிலும் அயலிலும் மூண்ட வன்செயல்களும், 1990இல் இரு சமூகத்தாரும் கொடுத்த உயிர்ப்பலிகளும் வீடுகளுக்குள் பேசப்படுகின்றன. தமிழ் வீட்டில் ஒரு விதமாகவும் முஸ்லிம் வீட்டில் வேறு விதமாகவும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் தொடர்பாக 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதத்தையும் அதற்கெதிரான சத்தியாக்கிரகத்தையும் கண்ட பிள்ளைகள் இன்று இளைஞர்களாகிவிட்டனர். பொது இடத்தில் சொல்லப்படாத வரலாறு மறைந்துவிடுவதில்லை. அது அடுக்களையிலும் திண்ணையிலும் மறுபக்கம் கேட்கப்படாமலே கைமாறுகிறது. இக்கரையில் நினைவுச் சின்னம் என்ற பேச்சை அலங்காரப் பேச்சாக நாம் கருதாமைக்குக் காரணம் இதுவே.

இரு சமூகமும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் இழந்தவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இந்நாட்டில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கு மேல். அலைக்கு மருதமுனை எது, பாண்டிருப்பு எது என்று தெரியாது. இங்கு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரை நினைவூட்ட விரும்புகிறோம். அப்போது மாணவியாயிருந்த மாயா லின் வரைந்த திட்டப்படி 1982இல் அமைக்கப்பட்ட அச்சுவரில் உருவம் எதுவுமில்லை. கருங்கல்லில் 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் மட்டுமே, இறந்த காலவரிசையில். பதவியும் இல்லை, இனமும் இல்லை. சிலை வேண்டும் என்று பலர் சினந்தனர். 1984இல் மூன்று படைவீரர் சிலையும் சற்றுத் தள்ளி வைக்கப்பட்டது. உருவம் வேண்டியவருக்கு உருவமும் வேண்டாதவருக்குப் பெயரும் என இரண்டும் ஒரே வெளியில் நிற்கின்றன. வருவோர் சுவரில் விரல் வைத்துப் பெயர் தேடுகிறார்கள். தாளை வைத்துத் தேய்த்து அப்பெயரைப் பிரதி எடுத்துச் செல்கிறார்கள். எமது கரையில் ஊர் ஊராகப் பிரித்து எழுதாமல், அலைபட்ட ஒழுங்கில் பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை ஒரே சுவரில் பெயர்களைப் பொறித்தால், தன் மாமியின் பெயரைத் தேடும் முஸ்லிம் சிறுமியின் விரல் எத்தனை தமிழ்ப் பெயர்களைக் கடந்து செல்லும்!

இனி நடைமுறை. 2001இல் மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்ட கல்முனை, தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் பலவற்றைத் தன்னகத்தே கொண்டது. பக்கத்திலுள்ள காரைதீவுப் பிரதேச சபையிலும் மாளிகைக்காடு, மாவடிப்பள்ளி ஆகிய முஸ்லிம் ஊர்கள் அடங்குகின்றன. ஆகவே இரு சபைகளும் தங்கள் எல்லைக்குள்ளேயே இரு சமூகத்தின் வரலாற்றையும் சொல்லக் கடமைப்பட்டவை. பெருஞ்செலவு தேவையில்லை. புதிதாக ஒரு கல்லும் நடுமுன், இருக்கும் சிலைகளுக்கும் பழைய பாடசாலைக் கட்டடங்களுக்கும் பள்ளிவாசல், கோயில் முன்றில்களுக்கும் எழுத்துப் பலகை வைக்கலாம். எழுத்துப் பிழையின்றி வைக்க வேண்டும்; அரசாங்கப் பலகைகளில் தமிழ் படும் பாட்டை நாம் அறிவோம். யார் எழுதுவது என்பதே சிக்கலான இடம். அரசியல்வாதியின் பெயர் பெரிதாகவும் பெரியாரின் பெயர் சிறிதாகவும் பொறிக்கப்படும் வழக்கத்தை இதிலாவது கைவிட வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வரலாற்றாசிரியர், ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சேர்ந்து எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பின்னரே கல்லில் வெட்டலாம். கையொப்பம் வைக்க மறுக்கப்படும் வரி எதுவோ, அந்த வரியைப் பற்றித்தான் ஊரில் பேச வேண்டியிருக்கிறது.

ஆசிரியருக்கும் வேலை உண்டு. வலயக் கல்வி அலுவலகம் நினைத்தால், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரேயொரு தாளில் பத்து வினாக்களைத் தயாரித்து வழங்கலாம். கல்முனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையும் ஒரு முஸ்லிம் பாடசாலையும் ஒரே பஸ் வண்டியில் காரைதீவுச் சந்திக்குச் செல்லட்டும். மட்டக்களப்பு வரை போகவேண்டியதுகூட இல்லை. சந்தி சில கிலோமீற்றரிலேயே உள்ளது. அங்கு சிலையைப் பார்த்து முஸ்லிம் மாணவர் முதலில் வினாவட்டும், தமிழ் மாணவர் விடை கூறட்டும். திரும்பி வந்து, பழைய கச்சேரியின் கதையை முஸ்லிம் மாணவர் சொல்ல, தமிழ் மாணவர் வினாவட்டும். விடை தெரியாதவற்றைக் குறித்துக்கொண்டுபோய் வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்கச் சொல்ல வேண்டும். 1942இல் காடு வெட்டி வயலாக்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அந்தக் காணி எப்படிக் கிடைத்தது, பக்கத்து வரவைக்காரர் யார், நீர்ப் பாய்ச்சலில் யாரோடு யார் முறை வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய நினைவில் உண்டு. எந்தச் சுவடிச்சாலையிலும் இல்லாத அச்செய்திகளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன் கொப்பியில் எழுதிக்கொண்டு வரும் நாள் வரையேனும் அந்த முதியவர்கள் இருக்க வேண்டுமே என்பதுதான் எமது கவலை.